பூங்கா நிலம் கைவிட்டுப் போனது இப்படித்தான்

மனை பிரித்தபோதே வரைபடத்தில் பச்சை அடித்து, 'பொதுத் திறந்தவெளி' என்று குறித்த இடம் அது. அந்தப் பச்சையைக் காட்டித்தான் எங்களுக்கு வீட்டையே விற்றார்கள். இன்று அது வணிக நிலம், வேலியும் போட்டாகிவிட்டது. இதில் எந்த விதியையும் மீறினார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

அறிவிப்பு வராமல் இல்லை. பொடி எழுத்தில் இரண்டு பத்தி: சர்வே எண் இன்னது, அதில் ஒரு பகுதி, நிலப் பயன்பாட்டு வகை மாற்றம். தெருப் பெயர் கிடையாது, 'பூங்கா' என்ற சொல்லும் கிடையாது. பூங்காவின் சர்வே எண் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. (உங்கள் பூங்காவுக்கு உங்களுக்குத் தெரியுமா?) ஆட்சேபணைக்குக் கொடுத்த நாட்கள் அப்படியே கழிந்தன.

அரசல் புரசலாக விஷயம் காதில் விழுந்ததும் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தோம். "இப்போதைக்கு வெறும் ஆலோசனைதாங்க. முடிவெடுக்கும்போது உங்களைக் கூப்பிடாம இருப்போமா?" என்றார். சரி என்று நம்பி வந்துவிட்டோம். எழுத்தில் ஒரு வரிகூட வாங்கவில்லை.

மன்றக் கூட்டத்தன்று இருபது பேர் போனோம். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்றார்கள். எங்கள் முறை வருவதற்குள் பொருள் எண் 14 முதல் 41 வரை ஒரே மூச்சில் ஆல் பாஸ். எங்கள் நிலம் 27 என்பதே வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. சில நாடுகளில் இதற்கு 'கன்சென்ட் அஜெண்டா' என்று கௌரவமான பெயரே இருக்கிறது. சர்ச்சை இல்லாத அன்றாட வேலைகளைச் சேர்த்து ஒரே வாக்கில் முடிப்பதற்கான ஏற்பாடு அது. உறுப்பினர் ஒருவர் கேட்டால், அதிலிருந்து ஒரு பொருளை உருவித் தனியாக விவாதிக்க வைக்கலாம். முன்பே தெரிந்திருந்தால் யாராவது ஒரு உறுப்பினரின் காலையாவது பிடித்திருப்போம்.

உண்மையில் அந்த மண்டபத்தில் எதுவும் முடிவாகவில்லை. சில வாரங்களுக்கு முன் நடந்த குழுக் கூட்டத்திலேயே அதிகாரிகளின் அறிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அறிக்கையின் இணைப்பில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வரி: 'பயன்பாட்டில் இல்லை'. பிள்ளைகள் தினமும் விளையாடிய இடம்! அந்த வரியைப் பொய் என்று காட்ட நாலு புகைப்படம் போதும். ஆனால் இணைப்பை யார் படித்தோம்? கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்டியாக வேண்டும் என்று சட்டம். அதுகூட மூன்று நாள்தான்.

அப்புறம் தீர்மான நகல் கேட்டோம். "மினிட்ஸ் உறுதியாகட்டும்" என்றார்கள், அதாவது கூட்டத்தில் நடந்ததை எழுதிய குறிப்பு. காத்திருந்தோம். மேல்முறையீட்டுக் கெடுவோ தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. நகல் கைக்கு வந்தபோது கெடு முடிந்து ஒன்பது நாள். அந்த இடத்தில் எங்களை யாரும் ஏமாற்றக்கூட இல்லை, நாங்களாகப் போய் விழுந்தோம்.

அரசு ஆவணங்களை மக்கள் பார்க்கலாம் என்று ஸ்வீடன் 1766-லேயே சட்டம் போட்டது. இன்று பல நாடுகளில் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் பதில் தர இந்தியாவில் 30 நாள், பிரிட்டனில் 20 வேலை நாள் அவகாசம். தீர்மானத்துக்குப் பிறகு மனுப் போட்டால் பதில் வருவதற்குள் கெடு போய்விடும். அறிவிப்பைப் பார்த்த அன்றே கேளுங்கள். குழு அறிக்கை, அதன் இணைப்புகள், நிலத்தின் பழைய வரைபடம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'அனைத்து ஆவணங்களும்' என்று எழுதினால் எது வேண்டும் என்று திருப்பிக் கேட்டே நாளைக் கடத்துவார்கள்.

போன வாரம் இன்னொரு அறிவிப்பு, அதே பொடி எழுத்து. இந்த முறை வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எண்ணைத் தேடினோம். எங்கள் நூலகத்தின் பின்பக்க நிலம். ஆட்சேபணை மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன்.