ஸ்டில்ட் அடுக்குமாடியா, சரிவோடு இறங்கும் வீடா? மலையில் கட்டுவோருக்கு ஒரு கணக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் கோவை சரவணம்பட்டியில் பார்த்த அதே கட்டடம் எதிரே நிற்கிறது. அடியில் கார் நிறுத்த, தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளம், அதன்மேல் மாடிகள், கண்ணாடிக் கைப்பிடி வைத்த பால்கனி, முகப்பில் மரநிறத்தில் ஏசிபி எனும் அலுமினியத் தகடு. என்ஜினியருக்கு ரசனை இல்லை என்று திட்டுவது சுலபம். ஆனால் இந்த உருவத்தைத் தீர்மானிப்பது ரசனை அல்ல, கார்.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு தூணுக்கு நடுவே இரண்டு கார் நிற்க வேண்டுமானால் தூண் இடைவெளி 5 மீட்டருக்குக் குறையாது. கீழே தூண் நின்ற இடத்தில்தான் மேலேயும் நிற்கும். எனவே படுக்கையறையின் அளவைக்கூட கார்தான் முடிவு செய்கிறது. காங்கிரீட் ஊற்ற அடியில் வைக்கும் ஒரே சென்ட்ரிங் தகடுகளைக் கழற்றிக் கழற்றி எல்லா மாடிக்கும் மாட்டலாம் என்பதால் மாடிக்கு மாடி மாற்றமும் இருக்காது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி சமவெளியில் 18.3 மீட்டர் வரை ‘உயரமில்லாத கட்டடம்’ என்ற கணக்கு. அந்த 18.3 மீட்டருக்குள் அதிகபட்ச வீடுகளை அடைக்க இதைவிட லாபமான வரைபடம் கிடையாது. சமவெளியில் அது நியாயமான பதில்தான்.

அதே வரைபடம் பர்லியாறு தாண்டியோ வத்தலக்குண்டு தாண்டியோ மேலே வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

7 மீட்டருக்குள் ஸ்டில்ட் எதற்கு?

மலை நகரங்களுக்கான 1993ஆம் ஆண்டு கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டரில் நிறுத்துகின்றன. அதாவது 23 அடி. பத்தடி உயரத்தில் இரண்டு தளம் போட்டால் கூரைக்கு மூன்றடி மிஞ்சும். ஸ்டில்ட்டுக்கு 2.5 மீட்டர் கொடுத்துவிட்டு மேலே தலா 3 மீட்டரில் இரண்டு தளம் போட்டால் 8.5 மீட்டர் ஆகிவிடும். ஆக, விதியை மதிப்பவருக்கு ஸ்டில்ட் என்பது இரண்டு தளத்தில் ஒன்றைக் காருக்கு விட்டுக்கொடுப்பது. விதிக்கு உட்பட்டால் இந்த வடிவத்துக்கு லாபமே கிடையாது, மீறினால்தான் லாபம். கொடைக்கானலில் அனுமதிக்கு மேல் எழுப்பிய ஓட்டல் தளங்களை எதிர்த்துப் பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் நடத்திய வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகும் சாலையிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பள்ளத்திலிருந்து பார்த்தால் நான்கு மாடி என்ற வித்தை நிற்கவில்லை.

மண்ணிலிருந்து தொடங்குவோம்

இரண்டு வடிவங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கட்டடம் உட்காரும் இடம் சாலையோரமாக 50 அடி, சரிவில் 40 அடி. சரிவு 25 டிகிரி. மலையில் இது சாதாரணம். 40 அடிக்குள் தரை பதினெட்டரை அடி ஏறும்.

முதல் வழி, முழுக்க வெட்டித் தட்டையாக்குவது. பின்பக்கம் பதினெட்டரை அடிக்குச் செங்குத்தாக மண் நிற்கும். வெட்டிய மண் ஏறத்தாழ 18,600 கன அடி, அதாவது 186 யூனிட். இது மலையில் இறுகிக் கிடக்கும்போது உள்ள அளவு. லாரியில் ஏறியதும் கால் பங்கு உப்பும். அதைக் கொட்ட இடம் தேட வேண்டும். பள்ளத்தில் தள்ளினால் அடுத்த மழையில் கீழே இருப்பவர் வீட்டுக்குள் போய் நிற்கும்.

இரண்டாம் வழி, இருபது இருபது அடியாக இரண்டு படி வெட்டுவது. ஒவ்வொரு படியிலும் வெட்டு ஒன்பதடியைச் சற்றுத் தாண்டும். மொத்த மண் 93 யூனிட், சரிபாதி. கீழ்ப்படியில் ஒரு தளம். நடுத்தளம் இரண்டு படியையும் மூடிக்கொண்டு முன்னும் பின்னுமாக 40 அடிக்கு. மூன்றாவது தளம் மேல்படியின்மேல் மட்டும். பரப்பைக் கூட்டுங்கள்: 1,000, 2,000, 1,000 சதுர அடி. தட்டை நிலத்தில் ஸ்டில்ட் இல்லாமல் இரண்டு தளம் போட்டாலும் இதே 4,000தான். ‘சரிவோடு கட்டினால் இடம் வீணாகும்’ என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. எந்தப் படியில் நின்று பார்த்தாலும் கட்டடம் இரண்டு தளமே. ஆனாலும் உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள் என்பதை வரைபடம் போடுமுன் அனுமதி தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தடுப்புச்சுவரில் வித்தியாசம் இன்னும் கூர்மை. கருங்கல் சுவர் தன் எடையால் மண்ணைத் தாங்க, அடியகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். பதினெட்டரை அடிச் சுவருக்கு அடியில் ஒன்பதடிக்கு மேல். உச்சியில் இரண்டடி என்று வைத்தால் 50 அடி நீளத்துக்கு 5,250 கன அடி கல்கட்டு. ஒன்பதடிச் சுவர் இரண்டுக்கும் சேர்த்து 3,100 கன அடிக்குள் முடியும். ஒன்று மட்டும் கவனம்: மேல்படியின் அஸ்திவாரம் கீழ்ச்சுவரின் தலைமேல் பாரம் ஏற்றக்கூடாது. அஸ்திவாரத்தின் அடிவிளிம்பிலிருந்து 45 டிகிரியில் ஒரு கோடு இழுத்தால் அது சுவரின் அடிமட்டத்துக்குக் கீழே போக வேண்டும். போகாவிட்டால் அந்தப் பாரத்தையும் சேர்த்தே சுவரை வடிவமைக்க வேண்டும்.

நீலகிரி மண் ஏமாற்றும். சார்னோகைட் பாறைமேல் கனமாகப் படிந்த செம்மண். காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், பொக்லைன்காரர் ‘ஒண்ணும் ஆகாதுங்க’ என்பார். நீர் இறங்கியதும் எடை கூடும், பிடிமானம் தளரும். 2009 நவம்பர் மழையில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, மாவட்டம் முழுக்கச் சரிவுகள், நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள். மழையே இல்லாமலும் விபத்து வரும். 2024 பிப்ரவரியில் லவ்டேலில் தடுப்புச்சுவருக்காகக் குழி தோண்டும்போது மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெட்டின் அடியில் ஆள் இறங்குமுன் மேலே என்ன நிற்கிறது என்று பார்ப்பதும், 50 அடியையும் ஒரே மூச்சில் திறக்காமல் பத்துப் பத்து அடியாக வெட்டிச் சுவர் எழுப்பிவிட்டு அடுத்ததைத் திறப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி, சுவரில் நான்கடிக்கு ஒன்றாக மூன்றங்குலக் குழாய். இந்தக் குழாய்கள் பெரும்பாலும் காட்சிக்குத்தான் வைக்கப்படுகின்றன. பின்னால் ஜல்லி இல்லாமல் மண்ணையே தள்ளி மூடினால் ஒரே மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும்.

தூணா, சுவரா?

சரிவில் ஸ்டில்ட் போடுபவர்கள் செலவை மிச்சப்படுத்த முழுக்க வெட்டாமல் பள்ளத்துப் பக்கம் நீளத் தூண், மேட்டுப் பக்கம் குட்டைத் தூண் வைப்பதுண்டு. நில அதிர்வில் முதலில் உடைவது குட்டைத் தூண். நீளமானது வளைந்து கொடுக்கும். குட்டையானது வளையாமல் மொத்த விசையையும் தானே வாங்கிக்கொள்ளும். 2002ஆம் ஆண்டு இந்தியத் தரத்தின் நில அதிர்வு வரைபடப்படி நீலகிரி மூன்றாம் மண்டலம், அலட்சியப்படுத்தும் இடமல்ல. சரிவோடு இறங்கும் வீட்டுக்கு ஒன்பது அங்குலச் சுமைதாங்கிச் சுவரே போதும், ஆனால் அஸ்திவார மட்டம், லிண்டல் மட்டம், கூரை மட்டம் மூன்றிலும் சுற்றிவர காங்கிரீட் பெல்ட்டும், மூலைகளில் அஸ்திவாரம் முதல் கூரை வரை நிற்கும் கம்பியும் கட்டாயம். லிண்டல் பெல்ட்டை ஜன்னலுக்கு மேல் மட்டும் போட்டு இடையில் வெட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. துண்டான பெல்ட் பெல்ட் அல்ல.

காங்கிரீட் எதுவானாலும் குளிரை மறக்கக்கூடாது. நாலரை மீட்டருக்குட்பட்ட தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456 சொல்வது வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. ஊட்டியில் ஜனவரி இரவு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட், அது இன்னும் மெதுவாக இறுகும். சமவெளியிலிருந்து வரும் சென்ட்ரிங் ஆட்கள் தகட்டுக்கு வாடகை ஓடுகிறதென்று ஏழாம் நாளே முட்டுகளைத் தட்டி எடுத்துவிடுவார்கள். விடாதீர்கள்.

கூரையும் ஈரமும்

ஸ்டில்ட் வடிவத்தின் தட்டைத் தளம் மலையில் இரண்டு முறை காசு கேட்கிறது. ஐந்தங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். பகல் வெயில், இரவுப் பனி என்று விரிந்து சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். நாலைந்து வருடத்தில் அதன்மேல் இரும்புக் குழாய் நட்டுத் தகரக் கூரை போடுகிறார்கள். ஊட்டியில் எந்த மேட்டில் ஏறிப் பார்த்தாலும் காங்கிரீட்டுக்குமேல் தொப்பியாகத் தகரம் தெரியும். முதலிலேயே தகரம் போட்டிருந்தால் சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோ எடையோடு முடிந்திருக்கும்.

சரிவு வீட்டிலும் வம்பு இல்லாமல் இல்லை. நடுத்தளத்தின் முன்பாதிக்கு மேல் மொட்டை மாடி விட்டால் அதே ஒழுக்கு இங்கேயும் வரும். அதற்குச் சாய்ப்புக் கூரை போடலாம்: 10 டிகிரி சாய்வில் 20 அடிக்கு மூன்றரை அடி ஏறும், மூன்றாம் தளத்து ஜன்னலின் அடிமட்டத்தை நான்கடியில் வைத்தால் சரியாகப் பொருந்தும். அந்தச் சாய்வுக்குத் தகடுமேல் தகடு ஒன்பதங்குலம் ஏறி உட்கார வேண்டும். ஓடு வேண்டுமென்றால் 10 டிகிரி போதாது, முப்பதை நெருங்க வேண்டும்.

மலையில் பூஞ்சை எங்கே வரும் என்பது கட்டடத்தின் எலும்புக்கூட்டைக் காட்டிக்கொடுக்கும். செங்கல்லைவிடக் காங்கிரீட் வேகமாகக் குளிரைக் கடத்துவதால் தூண், பீம் ஓடும் வழியிலேயே கறுப்புப் பட்டை விழும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் துணியெல்லாம் நாறும். இரண்டங்குலம் இடைவெளி விடுங்கள். படி வெட்டிய வீட்டில் கீழ்த்தளத்தின் பின்சுவர் மண்ணோடு ஒட்டினால் நிரந்தர ஈரம். வீட்டுச் சுவர் வேறு, தடுப்புச்சுவர் வேறாக வைத்து நடுவே இரண்டரை அடிச் சந்தும் அதன் அடியில் வடிகாலும் விட வேண்டும். இந்தச் சந்தைத் தின்றுவிட்டு அறையைப் பெரிதாக்கச் சொல்லும் வீட்டுக்காரர்தான் பிறகு பூஞ்சை மருந்துக்குப் பணம் கொடுப்பவர்.

கழிவுநீரில் இரண்டு வடிவமும் ஒன்றே. எட்டு வீடு, 32 பேர், தலைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றால் நாளுக்கு 4,300 லிட்டர், அதில் பெரும்பகுதி கழிவாக வெளியேறும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அதை உறிஞ்சுகுழியில் விட்டால், தடுப்புச்சுவருக்குப் பின்னால் வருடம் முழுக்க மழை பெய்வதற்குச் சமம். குழி கட்டடத்துக்கும் சுவருக்கும் கீழே, சரிவில் தள்ளி இருக்க வேண்டும். இடமில்லையென்றால் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி.

ஸ்டில்ட் வெல்லும் இடம்

கார், வயதானவர்கள், வங்கிக் கடன். சரிவு வீட்டில் கார் சாலையோரத்தில்தான். மேலே சாலை என்றால் மூன்றாம் தளத்துக்குச் சிறு பாலம் போட்டு நுழையலாம், ஆனால் கீழ்த்தளத்தில் இருப்பவர் தினமும் இருபதடி ஏறி இறங்க வேண்டும். பிரிக்கப்படாத நிலப்பங்கோடு ஃபிளாட் வாங்கக் கடன் எளிதில் கிடைக்கும். பொதுச்சுவரும் பொதுப்படியும் உள்ள சரிவு வீட்டுக்குப் பத்திரம் எழுதும்போதே தடுப்புச்சுவர் பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால் பத்து வருடத்தில் சண்டை நிச்சயம். நிலம் ஐந்து டிகிரிக்குள் சமமாக இருந்தால் படி வெட்டுவதே வீண்வேலை.

மூன்றாவது வடிவமாக, லேசான இரும்புச் சட்டமும் சிமெண்ட் பலகையும் கொண்டு நட்டு முடுக்கும் குடில்கள் இப்போது பரவுகின்றன. எடை குறைவு, வேலை வேகம்; சரிவுக்கு நல்லதே. தகட்டுக்கு அடியில் குளிர் தடுக்கும் பஞ்சுத்தாள் இல்லாவிட்டால் விடியற்காலையில் உள்ளே சொட்டும், அதோடு குரங்குக் கூட்டம் தளர்ந்த விளிம்பைத் தேடிப் பிய்க்கும். பல குடும்பம் சேர்ந்து வாழும் வடிவமாக இதை எண்ண வேண்டாம்.

நீலகிரியில் படுகர்கள் வாழும் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் சேர்ந்து, மலையின் மட்டக்கோட்டில் வரிசையாக, முன்னால் பொது முற்றத்தோடு நிற்கின்றன. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களும் வரிசைதான். எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், யாரும் அலுத்துக்கொண்டதில்லை, ஏனென்றால் அந்த வரிசை சரிவு சொன்னபடி வளைகிறது. முகப்பில் மரநிறத் தகட்டை எடுத்துவிட்டுப் பொய்க் கூரைமுகடு ஒட்டினால் ‘மலை வீடு’ ஆகிவிடும் என்று விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: பின்பக்கத்து மண்வெட்டு எத்தனை அடி, வெட்டிய மண் எங்கே போனது? பதில் பத்தடியைத் தாண்டினால் தடுப்புச்சுவரின் வடிவமைப்புத் தாளையும் கையெழுத்திட்ட பொறியாளரின் பெயரையும் கேளுங்கள். அதற்குப் பிறகு முன்பணம் பற்றிப் பேசலாம்.