தாத்தாவின் மேகசின்: ஒடுக்கு எடுப்பதா, அப்படியே விடுவதா?

ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டிதான் மேகசின். அதன் பக்கத் தகடு உள்ளே அமுங்கினால், தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒடுக்கு எடுப்பதென்றால் முதலில் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் அடித்தகட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முகத்துக்கே பாயும். உள் அளவுக்கு இழைத்த கடினமான மரக்கட்டையைச் செருகி, மெல்ல மெல்லத் தட்டி ஏற்றினால் ஸ்டீல் தகடு பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அலுமினியம் அப்படி இல்லை, விரிசல் விடும். மேல்வாய் விளிம்பு வளைந்திருந்தால் நான் கையே வைக்கமாட்டேன்; தோட்டா ஏறும் கோணமே அதில்தான் இருக்கிறது.

அப்படியே விடுவது? எண்ணெய்த் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தால் போதும். சுடுவதற்குப் புதிய மேகசின். அந்த ஒடுக்கே தாத்தா கீழே போட்டதால் விழுந்தது என்றால், எனக்குச் சுத்தியலை எடுக்க மனசு வராது.