மலைக்கு மழை ஜாக்கெட்: இரண்டரை அடுக்கா, மூன்று அடுக்கா?

இரண்டிலும் நீரைத் தடுப்பது வெளித்துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வுதான். வேறுபாடு உட்புறத்தில். மூன்று அடுக்கில் சவ்வுக்கு உள்ளே இன்னொரு துணி ஒட்டியிருக்கும். இரண்டரையில் வெறும் காப்புப் பூச்சு. அதனால் இரண்டரை எடை குறைவு, சுருட்டினால் பையின் மூலையில் அடங்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் ஏற்றத்தில் வியர்த்ததும் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். முதுகுப்பை உரசும் தோள்பகுதியும் சீக்கிரம் தேயும்.

மழை வந்தால் மட்டும் எடுத்துப் போடும் ஒருநாள் நடைக்கு இரண்டரை போதும். பாறை, பனி, நாள்கணக்கில் மழை என்றால் மூன்றுதான். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

லேபிளில் 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று இருப்பது நீர் அழுத்தத்தைத் தாங்கும் அளவு. அதைவிட நான் முதலில் தேடுவது, திறந்தால் காற்றோட்டம் தரும் அக்குள் ஜிப்பை. விளம்பரம் என்ன சொன்னாலும், வேகமாக ஏறுபவரின் வியர்வை முழுவதையும் எந்தச் சவ்வும் வெளியேற்றாது.

நீர் முத்துமுத்தாக உருளாமல் வெளித்துணியில் ஊறுகிறதா? எந்த ஜாக்கெட்டானாலும் உடனே தூக்கிப் போடாதீர்கள். சாஃப்ட்னர் சேர்க்காமல் துவைத்து, லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்துங்கள். அப்போதும் ஊறினால் நீர்விலக்கி ஸ்பிரே அடிக்கலாம்.