எக்கோ எடுக்க எங்கே போவது: பக்கத்து ஸ்கேன் சென்டரா, ஆஸ்பத்திரியா?

அம்மாவுக்கு 68 வயது, அயோர்டிக் வால்வு சுருக்கம், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியே போகிற வால்வு குறுகிவிட்டது. ஒரு வருடத்துக்குள் மூன்று எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ஆகிவிட்டது. முதலாவது பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஸ்கேன் சென்டரில், மற்ற இரண்டும் இதய டாக்டர் பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே. நான் இப்போது ஆஸ்பத்திரிக் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரிசோதனை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். ஜெல் தடவி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். சென்டரில் 1,800 ரூபாய், ஒரு மணி நேரத்தில் ரிப்போர்ட் கையில். ஆஸ்பத்திரியில் 3,000, ஆட்டோ தனி, டிராஃபிக்கும் காத்திருப்புமாக அரை நாள் போய்விடும். (சென்டரில் 'கருவின் பாலினம் இங்கே சொல்லப்படாது' என்ற போர்டுக்குக் கீழே படுத்திருந்ததில் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. அல்ட்ராசவுண்ட் மெஷின் இருக்கிற இடமென்றால் அந்த போர்டு சட்டப்படி வேண்டும்.)

சரி, நான் கட்சி மாறிய கதைக்கு வருகிறேன். இந்த நோய்க்கு ரிப்போர்ட்டில் முக்கியமாகப் பார்ப்பது, குறுகின வால்வு வழியாக ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதை. நொடிக்கு 4 மீட்டரைத் தொட்டால் கடுமையான சுருக்கம் என்று கணக்கு. சென்டரில் 3.1 வந்தது. ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் 3.7. பொதுவாக வருடத்துக்கு 0.3 அளவில்தான் ஏறுமாம், இது பாதி வருடத்தில் அதைப்போல இரண்டு மடங்கு. அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "பழைய வீடியோ இருக்கா?" எங்களிடம் இருந்தது ஒரு தாள், அதோடு நாலு படம். சென்டரில் போய்க் கேட்டால் பதிவுகளை வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். அப்போதுதான் டாக்டர் விளக்கினார். டாப்ளர் கற்றை (ரத்தத்தின் வேகத்தை அளக்க அனுப்பும் ஒலி அலை) ரத்தம் பாய்கிற திசைக்கு நேராக இருந்தால்தான் வேகம் சரியாக வரும், 30 டிகிரி சாய்ந்தால் நிஜமான 3.7 திரையில் 3.2 ஆகத் தெரியும். கூடக் காட்டாது, குறைத்துத்தான் காட்டும். இதில் வேகத்தை வர்க்கப்படுத்தி நாலால் பெருக்கித்தான் வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சொல்கிறார்கள். 3.1க்கு 38, 3.7க்கு 55. சின்னப் பிசகு அங்கே போய்ப் பெரிசாகிவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்த பெண் அம்மாவை வலப்பக்கமும் திருப்பிப் படுக்க வைத்து, பென்சில் மாதிரி ஒல்லியான இன்னொரு புரோபை வலது மார்பில் வைத்துத் தேடினார். "உசிரு" (மூச்சு) என்று கன்னடத்தில் ஆரம்பிக்கும்போதே அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதிக வேகம் அங்கேதான் கிடைத்தது. சென்டரில் அந்தப் பக்கம் யாரும் வைத்துப் பார்க்கவே இல்லை.

அதற்கு ஆறு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் மூன்றாவது எக்கோ. டாக்டர் பழைய வீடியோவையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். 3.8. அவ்வளவுதான் ஏற்றம். முதல் 3.1 தப்பாக அளந்தது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லையே.

எல்லாருக்கும் இந்தச் செலவு தேவையா என்றால், இல்லை. பிரஷருக்காகவோ ஏதாவது ஆபரேஷனுக்கு முன்னாலோ ஒரு தடவை பார்க்கிற எக்கோவுக்குப் பக்கத்துச் சென்டரே போதும். இதயம் பம்ப் செய்யும் அளவு ஒரு இடத்தில் 60 சதவீதம், இன்னொரு இடத்தில் 55 என்று வந்தாலும் பயப்பட வேண்டாம், அளக்கிற ஆளைப் பொறுத்து அந்த அளவு மாறும். சில சென்டர்களில் சாயங்காலம் இதய டாக்டரே வந்து எடுப்பதாகச் சொல்கிறார்கள், அது ஆஸ்பத்திரியைவிட நன்றாகக்கூட இருக்கலாம். நாங்கள் பார்த்தது ஒரே ஒரு சென்டர். பன்னேர்கட்டா ரோட்டில் உள்ள அரசு இதய ஆஸ்பத்திரியான ஜெயதேவாவில் எடுத்ததே இல்லை, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வால்வு மாதிரி வருடா வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய விஷயம் என்றால் மட்டும் இடத்தை மாற்றாதீர்கள். எங்கே எடுத்தாலும் பணம் கட்டும் முன்னால் "வீடியோவை பென் டிரைவில் தருவீர்களா?" என்று கேளுங்கள். அன்றைய பிரஷரையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள், பிரஷர் ஏறியிருந்தாலும் இந்த எண்கள் மாறும். எங்கள் பென் டிரைவ் அம்மாவின் ரேஷன் கார்டு கவரில் இருக்கிறது.