வெளிநாட்டு ட்ரிப்புக்கு கையில காசா, டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா? நான் ஏன் கிரெடிட் கார்ட் பக்கம் நிக்கிறன்

நாங்க குடும்பமா சிங்கப்பூர் போய் வந்ததில இருந்து தெரிஞ்ச ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி ஹோட்டல் எப்பிடி, சாப்பாடு எப்பிடி எண்டு இல்ல, காசை எப்பிடிக் கொண்டு போனீங்க எண்டுதான். எல்லாருக்கும் தனித்தனியா சொல்லிட்டு இருக்கிறதுக்கு ஒருக்கா வடிவா எழுதி வச்சிடலாம் எண்டு பார்த்தன். முதலே சொல்லிடுறன், நான் கிரெடிட் கார்ட் பக்கம். பெரிய செலவு எல்லாம் கிரெடிட் கார்ட்ல, சின்னச் செலவுக்கு கையில காசு, டெபிட் கார்ட் பையுக்குள்ள அவசரத்துக்கு. ஏன் எண்டதுக்கு காரணம் பொயின்ட்ஸும் இல்ல, எயார்போர்ட் லவுஞ்சும் இல்ல. அதெல்லாம் கிடைச்சா நல்லம், அதை நம்பி முடிவு எடுக்க ஏலாது.

கையில காசு கொண்டு போறதுதான் எங்கட ஆக்களுக்குப் பழக்கம். கொழும்பில கோட்டையில, வெள்ளவத்தை காலி வீதியில எண்டு மணி சேஞ்சர் கடை நிறைய இருக்கு, பேங்க்லயும் எடுக்கலாம், பாஸ்போர்ட், டிக்கெட் கேப்பாங்க, கொண்டு போங்க. மத்திய வங்கி லைசன்ஸ் உள்ள இடத்துல மட்டும் மாத்துங்க, ரசீதையும் வாங்கி வைங்க. ஒரு விஷயம், சிங்கப்பூர் போறதா இருந்தா நேர சிங்கப்பூர் டொலர் கிடைச்சா அதையே எடுங்க, அமெரிக்க டொலர் எடுத்துட்டுப் போய் அங்க திரும்ப மாத்தினா ரெண்டு தரம் ரேட் வித்தியாசம் குடுக்க வேண்டி வரும். அமெரிக்க டொலர்தான் கிடைச்சுது எண்டா நூறு டொலர் நோட்டா, கிழியாத, மை கீறல் இல்லாத புது நோட்டா கேட்டு எடுங்க, சின்ன நோட்டுக்கும் பழைய நோட்டுக்கும் அங்க ரேட் குறைச்சுப் போடுவாங்க, சில இடத்துல எடுக்கவே மாட்டாங்க.

செலவைப் பார்த்தா காசுதான் மலிவு, அதை மறைக்க மாட்டன். கிரெடிட் கார்ட்ல விசாவோ மாஸ்டர்கார்டோ போடுற ரேட்டுக்கு மேல உங்கட பேங்க் தன்ட பங்குக்கு ஒரு வீதம் ஏத்தும், அதோட அரசாங்கத்துக்குப் போற ஸ்டாம்ப் டியூட்டியும் சேரும். பேங்குக்கு பேங்க் இது வேற வேற. உதாரணத்துக்கு பேங்க் 3 வீதம் எடுக்குது, ஒரு சிங்கப்பூர் டொலர் 230 ரூபா எண்டு வைங்களன், 2000 டொலர் செலவழிச்சா 4,60,000 ரூபா, அதுக்கு மேல 13,800 ரூபா பேங்குக்கு மட்டும். சின்னக் காசு இல்ல. போக முதல் பேங்குக்கு கோல் எடுத்து சரியான வீதத்தைக் கேட்டுட்டு, விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கட வெப்சைட்ல ஒரு கல்குலேட்டர் வச்சிருக்கு, பேங்க் ஃபீ எத்தினை வீதம் எண்டு போட்டுப் பார்க்க ஏலும், அதுல போட்டு மணி சேஞ்சர் ரேட்டோட பக்கத்துல வச்சுப் பாருங்க.

அப்ப ஏன் கூடக் குடுத்து கார்ட் பாவிக்கிறது? நான் பார்க்கிறது ஒரே ஒரு விஷயம். ஏதாவது ஒண்டு பிழைச்சா, அது சரியாகிற வரைக்கும் யார்ட காசு மாட்டிக்கொண்டு நிக்குது? கையில காசு எண்டா உங்கட காசு, தொலைஞ்சா தொலைஞ்சதுதான். டெபிட் கார்ட் எண்டாலும் உங்கட காசுதான், சேமிப்புக் கணக்குல இருந்து அந்த நிமிஷமே போயிடும், பிறகு நீங்க பேங்குக்குப் பின்னால அலையணும். கிரெடிட் கார்ட்ல மட்டும்தான் மாட்டுப்படுறது பேங்க்ட காசு.

இது பெரிய விஷயமா எண்டு கேக்கலாம். ஹோட்டல் செக் இன் கவுண்டர்ல போய் நிண்டா விளங்கும். ரூம் காசு முதலே கட்டியிருந்தாலும் டிப்பொசிட் எண்டு ஒரு தொகை கேப்பாங்க. கிரெடிட் கார்ட் குடுத்தா ஹோல்ட் போடுவாங்க, அதாவது உங்கட லிமிட்ல அந்தத் தொகையை அடைச்சு வைப்பாங்க, ஸ்டேட்மென்ட்ல வராது, செக் அவுட் பண்ணின பிறகு விடுவிப்பாங்க. டெபிட் கார்ட் குடுத்தா அதே ஹோல்ட் உங்கட கணக்குல இருக்கிற உண்மையான காசுல விழும். ஹோட்டல்காரர் விடுவிச்சாலும் எங்கட பேங்க் அதைத் திறந்து விட நாளாகும், சில நேரம் கிழமைக்கணக்கும் ஆகும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணா பேங்கொக்குக்கு டெபிட் கார்டை மட்டும் நம்பிப் போய், ஹோட்டல் டிப்பொசிட் ஒரு பக்கம், முதல் நாளே ஏடிஎம்ல எடுத்தது ஒரு பக்கம் எண்டு கணக்குல செலவழிக்க மிச்சம் கொஞ்சம்தான், கொழும்புக்கு கோல் எடுத்து தம்பியை காசு போடச் சொல்லித்தான் ட்ரிப்பை முடிச்சார். அவர் ஹோட்டல்ல எதையும் உடைக்கல்ல, ஒரு கடனும் வைக்கல்ல. காசு இருந்தது, எடுக்க ஏலாம இருந்தது, அவ்வளவுதான்.

இதுலயே இன்னொரு நுணுக்கம் இருக்கு, இதைத்தான் நிறையப் பேர் கவனிக்கிறதில்ல. சில ஹோட்டல் ஹோல்ட் போடாம டிப்பொசிட்டை நேரடியா சார்ஜ் பண்ணிட்டு, போகேக்க ரீஃபண்ட் தருவாங்க. கேக்க ரெண்டும் ஒண்டு மாதிரி இருக்கும், ஒண்டில்ல. சார்ஜ் பண்ணினா அண்டைய ரேட், பேங்க்ட வீதம், ஸ்டாம்ப் டியூட்டி எல்லாம் விழும், ரீஃபண்ட் வரேக்க வேற ஒரு நாள் ரேட்ல வரும், முதல் எடுத்த வீதம் பெரும்பாலும் திரும்பாது. 200 சிங்கப்பூர் டொலர் டிப்பொசிட் எண்டு வைங்க, மேல சொன்ன கணக்குல 46,000 ரூபா, 3 வீதம் 1380 ரூபா, ஒண்டும் வாங்காமலே போயிடும். அதனால கவுண்டர்ல கார்டை நீட்ட முதல், இது ப்ரீ ஓதரைசேஷனா, அதாவது வெறும் ஹோல்டா, இல்லாட்டி சார்ஜா எண்டு கேளுங்க, சார்ஜ் எண்டா டிப்பொசிட்டை மட்டும் காசாக் குடுக்கலாமா எண்டு கேளுங்க, நிறைய இடத்துல சம்மதிப்பாங்க. அந்தக் காசை செக் அவுட் நேரம் அப்பிடியே கையில தருவாங்க, ரேட் கதையே இல்ல. செக் அவுட்ல மிச்ச பில் கட்டவும் அதே கார்டைக் குடுத்து, போட்ட ஹோல்ட்லயே முடிச்சு விடச் சொல்லுங்க, இல்லாட்டி ஹோல்ட் ஒரு பக்கம் பில் ஒரு பக்கம் எண்டு ரெண்டும் கொஞ்ச நாளைக்கு லிமிட்டைத் தின்னும்.

எங்களுக்கு நடந்தது வேற. ஒரு கடையில பிள்ளைக்கு சப்பாத்து வாங்கேக்க மெஷின் முதல் தரம் ஃபெயில் எண்டு காட்டினது, திரும்ப டப் பண்ணினோம், சரி எண்டு வந்தோம். ஹோட்டலுக்கு வந்து பார்த்தா ரெண்டு மெசேஜ், ரெண்டு தரம் எடுபட்டிருக்கு. கொழும்புக்கு வந்து பேங்குக்கு ஸ்லிப்போட அறிவிச்சோம், விசாரிச்சு முடிய கொஞ்சம் இழுபட்டது, கடைசியா ஒண்டைத் திருப்பிப் போட்டாங்க. அந்த இழுபாட்டுக் காலம் முழுக்க எங்கட சேமிப்புல ஒரு சதமும் குறையல்ல. மனுசி அண்டைக்கு நிம்மதியா நித்திரை கொண்டா. டெபிட் கார்டா இருந்திருந்தா அந்தக் காசு வெளியில போய்த்தான் இருந்திருக்கும். ஆனா ஒண்டு, எல்லா பேங்கும் ஒரே மாதிரி நடக்காது, சில பேங்க் விசாரணை முடியிற வரைக்கும் முதல்ல கட்டுங்க பிறகு திருப்பித் தாறம் எண்டு சொல்லுமாம், அதையும் போக முதல் கேட்டு வைங்க. ஸ்டேட்மென்ட் வந்து குறிப்பிட்ட நாளுக்குள்ள அறிவிக்கணும், ஸ்லிப் எல்லாத்தையும் வீட்ட வந்து ஒரு மாசம் ரெண்டு மாசம் வரைக்கும் எறியாதீங்க.

அடுத்தது மெஷின்ல வாற கேள்வி. கார்டை வச்ச உடனே சில மெஷின் இலங்கை ரூபாயில கட்டப் போறீங்களா சிங்கப்பூர் டொலர்லயா எண்டு கேக்கும். ரூபா எண்டதைப் பார்த்ததும் கை தன்னால அங்க போகும், தெரிஞ்ச காசு எண்ட ஒரு நம்பிக்கை. தொடாதீங்க. அந்த ரேட்டைப் போடுறது விசாவோ உங்கட பேங்கோ இல்ல, கடைக்காரர்ட மெஷினுக்குப் பின்னால இருக்கிற கொம்பனி, தன்ட லாபத்தையும் வச்சுத்தான் போடும், அதோட சில பேங்க் வெளிநாட்டுக் கடை எண்டபடியா ரூபாயில எடுத்தாலும் தன்ட வீதத்தை எடுக்கும். எப்பவும் அந்த நாட்டுக் காசைத்தான் அமத்தணும். உங்களைக் கேக்காம ரூபாயில போட அவங்களுக்கு உரிமை இல்ல, போட்டுட்டாங்க எண்டா ஸ்லிப்ல கையெழுத்து வைக்காம கேன்சல் பண்ணி திரும்பப் போடச் சொல்லுங்க. ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும், ஒன்லைன்ல ஹோட்டல் புக் பண்ணேக்கயும் வரும்.

ஓடிபி, அதாவது கார்டை ஒன்லைன்ல பாவிக்கேக்க ஃபோனுக்கு மெசேஜா வாற ரகசிய நம்பர், அந்த விஷயம் சின்னன் மாதிரி இருக்கும், ஆனா இது இல்லாட்டி கார்ட் பாதி உதவாது. அங்க இருந்து ஒன்லைன்ல டிக்கெட் எடுக்கிறது, டக்ஸி ஒப்ல கார்டைச் சேர்க்கிறது எல்லாத்துக்கும் உங்கட இலங்கை நம்பருக்குத்தான் மெசேஜ் வரும். இங்க இருக்கேக்கயே ரோமிங் போட்டு, டேட்டாவை மட்டும் நிப்பாட்டி வைங்க, அங்கத்த சிம்மை மற்ற ஸ்லொட்ல போடுங்க. பேங்க் ஒப்ல வெளிநாட்டுப் பாவனை திறந்திருக்கா எண்டும் பாருங்க. ரெண்டு கார்ட் எண்டா ரெண்டு வேற பேங்க் கார்டா இருக்கட்டும். மனுசியிட்ட இருக்கிறது உங்கட கார்ட்ட சப்ளிமென்டரி, அதாவது உங்கட கணக்குலயே எடுத்த மேலதிகக் கார்ட் எண்டா லிமிட் ஒண்டுதான், ஹோல்ட் விழுந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விழும். லிமிட் காணாது எண்டா பேங்க்ல கொஞ்ச நாளைக்குக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்க. சில பேர் கார்டுக்கு முன்கூட்டியே காசு போட்டு வைக்கிறாங்க, அப்பிடிப் போட்டா திரும்பவும் மாட்டுப்படுறது உங்கட காசுதான், அதனால எனக்கு அது பிடிக்கிறதில்ல.

கிரெடிட் கார்ட்ல ஏடிஎம்ல காசு எடுக்கிறதை மறந்திடுங்க, எடுத்த நாளில இருந்தே வட்டி, அதுக்கு மேல தனி கட்டணம். காசு தேவைப்பட்டா டெபிட் கார்ட்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம ஒரேயடியா. தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தரமும் ஒரு கட்டணம் எடுக்கும், எங்கட பேங்க் எடுக்கிறது வேற. காசை முதலே ஏத்தி வச்சுப் பாவிக்கிற ட்ரவல் கார்டும் இருக்கு, நான் பாவிச்சதில்ல. ரேட்டை முதலே பூட்டி வைக்கலாம் எண்டு பாவிச்ச ஆக்கள் சொல்றாங்க, அது நல்ல விஷயம்தான், ஆனா ஏத்தினது உங்கட காசு எண்டபடியா என்ட கேள்விக்கு அதுட்டயும் டெபிட் கார்ட்ட பதில்தான் இருக்கு.

காசைக் கையில வச்சிருக்கத்தான் வேணும் எண்டதுக்கு 2022ஐ விட வேற சாட்சி தேவையில்ல. மார்ச் மாசம் ரூபாயைப் பிடிச்சு வைக்காம சந்தை ரேட்டுக்கு விட்டாங்க, 200 சொச்சத்துல இருந்த அமெரிக்க டொலர் மே மாசம் ஆகேக்க 360ஐத் தொட்டுது, பேங்குகள் கார்ட்ட வெளிநாட்டுப் பாவனைக்கு லிமிட் போட்டு இறுக்கினது, கிரெடிட் கார்ட் வட்டியும் வருஷத்துக்கு 36 வீதம் வரை போனது. அந்த நேரம் வெளிநாட்டுல நிண்டவங்களுக்கு கையில இருந்த நோட்டுத்தான் துணை. ஊர் நிலைமை கொஞ்சம் தளும்புற மாதிரி இருந்தா நானும் காசுப் பங்கைக் கூட்டித்தான் எடுப்பன்.

சிங்கப்பூர்ல நாங்க பிரிச்ச விதம் இது. ஹோட்டல், டிக்கெட், பெரிய ஷொப்பிங் கார்ட்ல. எம்ஆர்டி ரயில்லயும் பஸ்லயும் கார்டை டப் பண்ணியே போகலாம், வெளிநாட்டுக் கார்ட் எண்டா பாவிக்கிற நாளுக்கு 60 சதம் கூட எடுக்கும், வசதிக்கு அது பரவாயில்ல, ஆளுக்கு ஒரு கார்ட் வேணும் எண்டது மட்டும் ஞாபகம். டெக்கா சென்டர் மாதிரி சாப்பாட்டுக் கடைகள்ல காசுதான் வசதி, காசு மாத்துறது எண்டா முஸ்தபா எண்ட பெரிய கடைப் பக்கம் மாத்துங்க, எயார்போர்ட்ல தேவைக்கு மட்டும். ஒரு கடையில 100 டொலருக்கு மேல வாங்கினா கட்டின 9 வீத ஜிஎஸ்டி எண்ட விற்பனை வரியில பெரும்பகுதியை எயார்போர்ட்ல திரும்பக் கேக்கலாம், அதைக் கார்டுக்கே போடவும் ஏலும்.

முழுத் தொகையையும் டேட்டுக்கு முதல் கட்டுற பழக்கம் இல்லாத ஆக்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டன். மினிமம் மட்டும் கட்டினா வட்டி இல்லாத காலம் எண்டது போயிடும், பிறகு நான் மேல எழுதின எந்த நன்மையும் அந்த வட்டிக்கு ஈடாகாது, அவங்க காசோட போறதே நல்லம். அதே மாதிரி கார்ட் எங்கட சொந்தப் பாவனைக்குத்தான், பேங்கொக்ல மொத்தமா உடுப்பு எடுத்து புறக்கோட்டையில விக்கிற ஆக்கள் அதுக்குரிய பேங்க் வழியாலதான் செய்யணும்.

சென்னைக்குப் போறதுக்கு இந்தக் கணக்கு அப்பிடியே பொருந்தாது. தி நகர்ல பெரிய புடவைக் கடை, நகைக் கடை எல்லாம் கார்ட் எடுப்பாங்க, ஆனா ஓட்டோ, டீக்கடை, பூக்கடை எல்லாம் ஃபோனால காசு கட்டுற அவங்கட யூபிஐல ஓடுது, எங்கட கார்டை அங்க நீட்ட ஏலாது. அங்க போகேக்க நான் கார்டை ஹோட்டலுக்கும் பெரிய கடைக்கும் மட்டும் வச்சிட்டு மிச்சம் எல்லாம் காசாத்தான் கொண்டு போவன்.