வெளிநாட்டு எண்ணோடு மூன்று வாரம்: வணிகக் கியூஆர் குறியீடுகள் பற்றிய பயண அனுபவம்

விடுமுறைக்காக ஊருக்கு வந்து தங்கியிருந்த மூன்று வாரங்களில், கடை வாசல், துண்டுப் பிரசுரம், ரசீதின் அடிப்பகுதி, வாடகை வேனின் பின்கதவு என்று எங்கெல்லாம் விளம்பரத்துக்காகக் கியூஆர் குறியீடு இருந்ததோ அங்கெல்லாம் அதை ஸ்கேன் செய்து, என்ன நடந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். குடியேறிய நாட்டில் அச்சகம் நடத்துபவன் என்பதால் இக்குறியீடுகளை நாள்தோறும் அச்சிட்டுக் கொடுக்கிறேன். ஆனால் வெளிநாட்டு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாடிக்கையாளனாக அவற்றை நம்பி நடந்தது இதுவே முதல் முறை.

அங்கேயே வசிப்பவருக்கு எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், யாரைக் கேட்டால் வேலை நடக்கும் என்பதெல்லாம் முன்பே தெரியும். அவர் குறியீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை குறைவு. பல ஆண்டுகள் கழித்து வருபவனுக்கோ பழைய கடைகள் இடம் மாறியிருக்கும், பழைய தொலைபேசி எண்கள் வேலை செய்யா. அவன்தான் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை முதலில் நாடுகிறான். அவனைத்தான் அது பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதை இந்தப் பயணத்தில் கண்டேன்.

வந்த இரண்டாம் நாளே பல் அடைப்பு ஒன்று பெயர்ந்துவிட்டது. அருகிலிருந்த பல் மருத்துவமனையின் பலகையில் முன்பதிவுக்கான குறியீடு பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தது. நொடியில் பக்கமும் திறந்தது. பெயர், வயது, வலி எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு கைப்பேசி எண்ணைக் கேட்டது. அந்தக் கட்டம் உள்ளூர் எண்ணுக்கு உரிய இலக்கங்களை மட்டுமே ஏற்றது. நாட்டுக் குறியீட்டு எண்ணைச் சேர்க்க வழியில்லை. எண் இல்லாமல் ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் முன்பதிவு இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, வரவேற்பில் இருந்த பெண் என் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அரை மணி நேரத்தில் மருத்துவரைப் பார்க்க வைத்தார். சேவையில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சேவைக்கு என்னை அழைத்துச் செல்ல வைத்த குறியீடுதான் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தது.

இதே தடை வெவ்வேறு உருவங்களில் வந்தது. வேன் வாடகைக்கான குறியீடு ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னது. என் கணக்கு வேறு நாட்டில் பதிவானது என்பதால் அந்தச் செயலி எனக்குக் கிடைக்கவே இல்லை. அறைகலன் விற்கும் இடத்தில் குறியீடு பெரிய பிடிஎஃப் கோப்பு ஒன்றைத் திறந்தது. ரோமிங் இணைப்பில் அது இறங்கி முடிவதற்குள் நான் கடையை முழுதாகச் சுற்றிப் பார்த்துவிட்டேன். இன்னோர் இடத்தில் அழைப்பதற்கான எண் நேராக வந்தது. முன்னால் கூட்டல் குறியும் நாட்டு எண்ணும் இல்லாததால் என் கைப்பேசியிலிருந்து அழைப்பு போகவில்லை.

இக்குறியீடு பிறந்த சூழலை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் விளங்கும். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக இதை உருவாக்கினார்கள். அங்கே குறியீட்டை ஒட்டுபவரும், படிக்கும் கருவியும், கிடைக்கும் தகவலைப் பயன்படுத்துபவரும் ஒரே தொழில் அமைப்புக்குள் இருந்தார்கள். கடை வாசலில் ஒட்டும்போது படிக்கப் போகிறவர் யார், அவர் கையில் என்ன கருவி, என்ன இணைப்பு என்பது ஒட்டுபவருக்குத் தெரியாது. இருந்தும் அச்சிட்டு வந்தவுடன் சோதித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் உரிமையாளர்தான்: தம் கைப்பேசியில், தம் எண்ணில், நல்ல வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில்.

தூரத்தைப் பற்றி அச்சுக்காரனாகச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். படிக்கும் தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது குறியீட்டின் அகலம் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பின்பற்றும் கணக்கு. 5 மீட்டர் உயரத்தில் தொங்கும் பதாகைக்கு அரை மீட்டர் அகலமாவது வேண்டும். நான் பார்த்த பதாகைகளிலோ உள்ளங்கை அளவே இருந்தது. அதைவிடக் கவனிக்கப்படாத விஷயம் குறியீட்டுக்குள் இருக்கும் இணைய முகவரியின் நீளம். 150 எழுத்து நீளமுள்ள இணைப்பை அப்படியே நகலெடுத்துக் குறியீடாக்கினால், நடுத்தரப் பிழைதிருத்த நிலையில் (குறியீட்டின் ஒரு பகுதி சிதைந்தாலும் படிக்க உதவும் ஏற்பாடு அது) சதுரத்தின் ஒரு பக்கத்துக்கு 49 சிறு கட்டங்கள் தேவைப்படும். 26 எழுத்துக்குள் அடங்கும் முகவரிக்கு 25 கட்டங்கள் போதும். 2 சென்டிமீட்டர் அகலமுள்ள முகவரி அட்டைச் சதுரத்தில் முதலாவதின் ஒரு கட்டம் 0.4 மில்லிமீட்டர், இரண்டாவதின் ஒரு கட்டம் 0.8 மில்லிமீட்டர். மங்கலான விளக்கொளியில், பழைய கேமராவில், இந்த வேறுபாடுதான் திறக்கும் குறியீட்டையும் திறக்காத குறியீட்டையும் பிரிக்கிறது. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும் என்பதும் தரநிலையிலேயே உள்ளது. வடிவமைப்பாளர்கள் அழகுக்காக முதலில் பறிப்பது அந்த வெற்றிடத்தைத்தான்.

நான் தங்கிய விடுதியின் அறையில் இருந்த அட்டைதான் என்னை அதிகம் வருத்தியது. நல்ல தாள், நல்ல அச்சு, சரியான அளவு. ஸ்கேன் செய்தால் சந்தா முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. டைனமிக் என்று சொல்லப்படும் வகையில் குறியீட்டுக்குள் இருப்பது இடைநிலை நிறுவனத்தின் குறுமுகவரி மட்டுமே. சென்று சேரும் பக்கத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், எத்தனை பேர் எப்போது ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணலாம் என்பவை அதன் உண்மையான நன்மைகள். ஆனால் அந்த நிறுவனத்துக்குக் கட்டணம் நின்றால், அச்சிட்ட அட்டை அத்தனையும் ஒரே நாளில் செத்துவிடும். குறியீட்டுக்கு என்று எந்தக் கட்டணமும் கிடையாது. காப்புரிமையைக் கொண்டு பிறரைத் தடுப்பதில்லை என்று டென்சோ முன்பே முடிவு செய்ததால்தான் அது உலகெங்கும் பரவியது. சொந்த இணையதளம் வைத்திருக்கும் வணிகர் அதிலேயே ஒரு குறுமுகவரியை அமைத்து அங்கிருந்து திருப்பிவிட்டால், மாற்றும் வசதியும் எண்ணும் வசதியும் அவர் கையிலேயே இருக்கும். இதை விடுதி மேலாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரத்தில் மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடையில்தான் இதற்கு மாறான அனுபவம் கிடைத்தது. மேசைமேல் இருந்த குறியீட்டின் கீழே, ஸ்கேன் செய்தால் என்ன திறக்கும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். இணைய முகவரியும் படிக்கும்படி அச்சாகியிருந்தது. வேறொருவர் தம் குறியீட்டை மேலே ஒட்டி மோசடி செய்தால் முகவரி பொருந்தாததை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பதற்காக அப்படிச் செய்ததாக உரிமையாளர் விளக்கினார். திறந்த பக்கத்தில் பதிவு, ஓடிபி, செயலி எதுவும் இல்லை. வேலை நேரம், வரைபடம், நாட்டு எண்ணோடு கூடிய வாட்ஸ்அப் இணைப்பு, அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் தம் மகளிடம் படத்தை அனுப்பி, அங்கிருந்து திறக்கச் சொல்லிச் சோதித்த பிறகே அச்சுக்குக் கொடுத்தாராம்.

கண்ணாடி உறையின் உட்புறத்திலும் அதே குறியீடு இருந்தது. திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து மனைவிக்கும் அதே சட்டத்தில் ஒன்று வேண்டியிருந்தபோது, அடுக்களை மேசையில் அந்த உறையைத் திறந்து ஸ்கேன் செய்தேன். அன்று மாலையே அவர் சட்டத்தின் படத்தை அனுப்பி, லென்ஸ் அளவு கேட்டிருந்தார்.