செரோக்கி வேர் தேட எந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாம்?

வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, டென்னசி பக்கம் காலனிக் காலத்திலேயே வந்து நிலைத்த அமெரிக்கக் குடும்பங்களில், ‘எங்கள் பூட்டி ஒரு செரோக்கிப் பெண்’ என்ற பேச்சு சாதாரணம். செரோக்கிகள் அந்தப் பகுதியின் பூர்வப் பழங்குடியினர். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று பார்க்க இன்று பல இணையச் சேவைகள் இருக்கின்றன. இந்த ஒரே வேலைக்கு எது எவ்வளவு உதவும் என்பது மட்டும்தான் இங்கே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: காசும் நேரமும் போக வேண்டிய இடம் மூல ஆவணத்தின் படம். டிஎன்ஏ பெட்டியும் மற்றவர்கள் போட்டுவைத்த குடும்ப மரமும் அதற்கு வெகு பின்னால்தான் வருகின்றன.

இலவசமாகக் கிடைப்பதில் முதலில் திறக்க வேண்டியது ஓக்லஹோமா வரலாற்றுச் சங்கத்தின் டாஸ் பட்டியல் தேடல். 1893இல் அமைந்த டாஸ் ஆணையம், செரோக்கி உட்பட ஐந்து பழங்குடித் தேசத்தவரின் பெயர்களை 1898 முதல் 1906 வரை பதிந்தது. 1914இல் சில பெயர்கள் சேர்ந்தன. மொத்தம் 1,01,000க்கும் மேல். தேடல் வேகமானது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. விடையில் இரண்டு எண்கள் வரும்: அட்டை எண், பட்டியல் எண். பட்டியல் எண் தனி நபருக்கு. அட்டை எண் குடும்பத்துக்கு. ஒரே அட்டை எண் கொண்டவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள். அடுத்த கட்டத்தில் விண்ணப்பக் கட்டை, அதாவது அந்தக் குடும்பத்தின் பதிவுக் காகிதங்களை, தேடும்போது வேண்டியது அட்டை எண்தான். பலர் பட்டியல் எண்ணை வைத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய கட்டைத் திறந்து, அதிலுள்ள பெயர்களைத் தங்கள் மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

இந்தத் தேடலுக்கு இரண்டு எல்லைகள். ஒன்று, இறுதிப் பட்டியலில் ஏறியவர்கள் மட்டுமே இதில் உண்டு. ஐயத்துக்குரியவர்களின் ‘டி’ அட்டையும், மறுக்கப்பட்டவர்களின் ‘ஆர்’ அட்டையும் தனி. இரண்டாவது இன்னும் பெரியது. பதிய வேண்டுமானால் இந்தியப் பிரதேசத்தில், அதாவது இன்றைய ஓக்லஹோமாவில், குடியிருந்திருக்க வேண்டும். 1838-39இல் அமெரிக்க அரசு செரோக்கிகளைக் கிழக்கிலிருந்து இந்தியப் பிரதேசத்துக்குத் துரத்திய வெளியேற்றத்தின்போது கிழக்கிலேயே தங்கிவிட்ட குடும்பம் இதில் வராது. ‘டாஸில் பெயர் இல்லை, அதனால் செரோக்கி இல்லை’ என்ற முடிவும் தவறு. ‘மறைந்து வாழ்ந்ததால் பெயர் இல்லை’ என்ற சமாதானமும் சான்றாகாது. பதிவு நடந்த ஆண்டுகளில் குடும்பம் எங்கே இருந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதைக் காட்டுவது 1900 மக்கள்தொகைக் கணக்கு. அதில் பழங்குடியினருக்கென்று தனிப் படிவம் இருந்தது: எந்தக் குடி, தந்தையின் குடி, தாயின் குடி, வெள்ளை இரத்தத்தின் பங்கு என்று தனித்தனிக் கட்டங்கள். சந்தாத் தளமான ஆன்செஸ்ட்ரி, இலவசத் தளமான ஃபேமிலிசர்ச் இரண்டிலுமே இது கிடைக்கும். இதற்காக மட்டும் ஆன்செஸ்ட்ரிக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை.

கிழக்கில் தங்கிய குடும்பத்துக்கு அடுத்தது கையன் மில்லர் விண்ணப்பங்கள். இந்தத் துறையில் இதற்கு இணையான இன்னொரு தொகுப்பு கிடையாது. ஒப்பந்த மீறலுக்காகக் கிழக்குச் செரோக்கிகள் (கிழக்கிலேயே தங்கியவர்களும், அங்கிருந்து வெளியேற்றப்பட்டு மேற்கே போனவர்களும்) தொடர்ந்த வழக்கில் நீதிமன்றம் பணம் வழங்கச் சொன்னது. யாருக்குப் பங்கு என்று முடிவு செய்யும் வேலை, நீதிமன்றம் நியமித்த ஆணையர் கையன் மில்லரிடம் வந்தது. 45,847 விண்ணப்பங்கள், ஏறத்தாழ 90,000 பேர். ஏற்கப்பட்டவர்கள் 30,254 பேர். அவர்களிலும் மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்தவர்கள் 3,203 பேர்தான்.

விண்ணப்பத்தின் அருமை அதன் கேள்விகளில் இருக்கிறது. விண்ணப்பித்தவரின் ஆங்கிலப் பெயர், செரோக்கிப் பெயர், பிறந்த இடம், பெற்றோரின் பெயர், அவர்கள் 1851இல் எங்கே இருந்தார்கள், உடன்பிறந்தவர்கள், இருவழித் தாத்தா பாட்டிகள், அவர்களுடைய பிள்ளைகள். 1907இல் ஐம்பது வயதான ஒருவரின் விண்ணப்பம் 1800 வாக்கில் பிறந்தவர் வரை பெயர் சொல்லிக் கொண்டுபோய் விடும். அத்தை, சித்தப்பா பெயர்களும் இருப்பதால், ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கும் குழப்பம் இங்கேதான் தீரும். நேர் முன்னோரின் விண்ணப்பத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெரியப்பா மக்கள் விண்ணப்பங்களையும் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒருவர் எழுதாமல் விட்ட பாட்டியின் பெயரை இன்னொருவர் எழுதியிருப்பார்.

மறுக்கப்பட்ட விண்ணப்பங்களும் படிக்க வேண்டியவையே, ஆனால் வேறு கண்ணோடு. அவை உறவுக்குச் சான்று. செரோக்கி என்பதற்குச் சான்று அல்ல. வட கரோலினா, வர்ஜீனியா மலைப்பகுதியைச் சேர்ந்த சைஸ்மோர் வழியினர் ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தார்கள். கிழக்குச் செரோக்கிகளோடு தொடர்பு நிறுவப்படவில்லை என்று அனைத்தும் மறுக்கப்பட்டன. பின்னாளில் அவ்வழி ஆண்கள் சிலரின் ஒய்-குரோமோசோம் சோதனை, அமெரிக்கப் பழங்குடியினரிடம் காணப்படும் கியூ வகையைக் காட்டியது. பழங்குடி முன்னோர் இருந்திருக்கலாம், அவர் செரோக்கியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்த ஆவணங்களின் படங்கள் ஃபோல்டு3 என்ற ஆவணத் தளத்தில் கட்டணத்துக்கும், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் கட்டணமின்றியும் கிடைக்கின்றன. மைக்ரோஃபிலிம் எண் தெரிந்தால் இரண்டிலும் வேலை எளிது: கையன் மில்லர் விண்ணப்பங்கள் எம்1104, டாஸ் குடும்ப அட்டைகள் எம்1186, டாஸ் விண்ணப்பக் கட்டுகள் எம்1301. எம்1104இல் 348 சுருள்கள்; முதல் சுருளில் பொதுப் பெயர்ப் பட்டியல். அதில் விண்ணப்ப எண்ணைப் பிடித்துக்கொண்டு எண் வரிசையில் நேராக இறங்க வேண்டும். பெயர் போட்டுத் தேடுவதை நம்பக் கூடாது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய செரோக்கிப் பெயர்கள் ஒரே குடும்பத்தில் மூன்று விதமாக இருக்கும்.

ஃபோல்டு3இன் பலம் பக்கம் புரட்டும் வேகம். குடி, பிரிவு, எண் என்று படிப்படியாக இறங்கலாம். ஒரு கட்டின் பக்கங்கள் வரிசையாக நிற்கும். காப்பகத்தின் அட்டவணையில் அதே படத்தை எட்டக் கூடுதல் பொறுமை வேண்டும், ஆனால் செலவு இல்லை. முதலில் எல்லா எண்களையும் இலவச வழியில் சேகரித்துவிட்டு, பிறகு ஃபோல்டு3க்கு ஒரு மாதச் சந்தா எடுத்து மொத்தமாகப் பதிவிறக்குவது சரியான கணக்கு. ஆண்டுச் சந்தா இந்த வேலைக்குத் தேவையில்லை. அமெரிக்காவில் பல பொது நூலகங்களிலும், தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைகளிலும் ஃபோல்டு3, ஆன்செஸ்ட்ரி இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம்.

டாஸ் கட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிக்கலின்றி ஏற்கப்பட்ட குடும்பத்தின் கட்டில் பிறப்பு உறுதிமொழி ஒன்றிரண்டுதான் இருக்கும். தகராறு இருந்த கட்டுதான் தடிமனாக இருக்கும்: சாட்சியம், திருமணச் சான்று, குறுக்கு விசாரணை. இந்தத் தேசங்களில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினத்தவரின் அட்டையில் இரத்தப் பங்கு (பழங்குடி முன்னோரின் விகிதம்) எழுதப்படவில்லை. அடிமையாக வைத்திருந்தவரின் பெயர் எழுதப்பட்டது. கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த ஒரு பெயரே 1860களுக்கு முன்னால் போக வழி திறக்கும்.

இனி பின்னோக்கி. மில்லர் விண்ணப்பத்திலிருந்து 1851க்குப் போக, மேற்கே போனவர்களுக்கு டிரென்னன் பட்டியல், கிழக்கே இருந்தவர்களுக்கு சைலர், சாப்மன் பட்டியல்கள். டிரென்னன் பட்டியல் ஃபிளின்ட், கோயிங் ஸ்னேக், சலீன் என்று மாவட்ட வாரியாக, குடும்பக் குழு எண்ணோடு இருக்கிறது. அதற்கும் முன்னால் 1835 ஹெண்டர்சன் கணக்கு: ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, வட கரோலினாவில் ஏறத்தாழ 16,000 பேர். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். ஆனால் ஆற்றோரம், பண்ணை, விளைந்த சோளம், அடிமைகள், ஆங்கிலமோ செரோக்கியோ படிக்கத் தெரிந்தவர்கள், திருமணத்தால் இணைந்த வெள்ளையர் என்று கட்டங்கள் நிறைய. காலனிக் குடும்பத்தில் பிறந்த ஓர் ஆண் செரோக்கிப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கியிருந்தால், அந்தக் கடைசிக் கட்டம் அவன் வீட்டில் நிரம்பியிருக்கும்.

1801 முதல் 1835 வரையிலான டென்னசி செரோக்கி முகமையின் (செரோக்கிகளுக்கான அமெரிக்க அரசு அலுவலகம்) கடிதங்கள் எம்208 என்ற 14 சுருள்களில் இருக்கின்றன. வெள்ளையர் வியாபார அனுமதி, கடன் வழக்கு, திருட்டுப் புகார் எல்லாம் அதில் உண்டு. படிக்கக் கடினம், பெயர்ப் பட்டியல் போதாது. ஆனால் 1790க்கும் 1835க்கும் நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப இதைவிட்டால் அதிகம் இல்லை.

1776க்கு முந்தைய பகுதிக்கு மேலே சொன்ன பெரிய தொகுப்புகள் எதுவும் உதவாது. செரோக்கி நாட்டில் வியாபாரம் செய்தவர்கள் பெரும்பாலும் சார்ல்ஸ்டனிலிருந்து போனவர்கள். அவர்கள் பெயர் தென் கரோலினா அரசின் இந்திய வியாபாரக் குறிப்பேடுகளில் இருக்கிறது. மனைவியின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இங்கே ஃபேமிலிசர்ச்சின் முழு உரைத் தேடல் உண்மையிலேயே புதிய வசதி. கையெழுத்து ஆவணங்களைக் கணினி படித்து எழுத்தாக்கியிருப்பதால், உயில், நிலப் பத்திரங்களுக்குள் சாட்சி, அண்டை வீட்டார் பெயரைக்கூடத் தேடலாம். பழைய நீள ‘எஸ்’ எழுத்தை அது ‘எஃப்’ என்று படிப்பதுண்டு. தேடும் பெயரை அப்படியும் ஒருமுறை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். சில படங்களை அந்நிறுவனத்தின் மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோ மட்டுமே திறக்க முடியும்.

அதே ஃபேமிலிசர்ச்சின் பொதுக் குடும்ப மரம் வேறு கதை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். செரோக்கி வழிகளில் அது 1700களின் தொடக்கத்தைத் தாண்டும்போது கற்பனைக்குள் நுழைகிறது. 1730இல் ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கியூமிங் ‘பேரரசர்’ என்று பட்டம் கட்டிய செரோக்கித் தலைவர், டெலிக்கோவின் மோய்டாய், வரலாற்றில் உறுதியான ஆள். அவருக்கு மேல் ஆங்கில வியாபாரி ஒருவரைத் தகப்பனாக ஒட்டி இங்கிலாந்து வரை இழுக்கும் மரங்களுக்கு அக்கால ஆவணம் எதுவும் ஆதாரமில்லை. ‘இளவரசி’ என்று எழுதிய மரத்தை மூடிவிடலாம். செரோக்கிகளிடம் அப்படி ஒரு நிலையே கிடையாது. இன்னொரு பொறி 1832 ஜார்ஜியா செரோக்கி நிலக் குலுக்கல். அதில் நிலம் வென்ற பட்டியலில் இருப்பவர்கள் செரோக்கிகளின் நிலத்தைப் பெற்ற வெள்ளையர்கள். அந்தப் பட்டியலைச் செரோக்கி உறவுக்குச் சான்றாக இணைத்திருக்கும் மரங்கள் நிறைய.

சரியாக ஆவணப்பட்ட வழி எப்படியிருக்கும் என்பதற்கு ஜான் ராஸின் குடும்பத்தைப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பாளர் வில்லியம் ஷோரி, பறவைக் குலத்துச் செரோக்கிப் பெண்ணை மணந்தார். 1762இல் செரோக்கித் தலைவர்களோடு லண்டனுக்குப் போகும் கப்பலில் இறந்தார். மகள் ஆனா, ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மக்டொனால்டை மணந்தார். அவர்கள் மகள் டேனியல் ராஸை மணந்தார். இவர்கள் மகன்தான் ஜான் ராஸ். 1790இல் பிறந்த ஜான் ராஸ் இரத்தக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு. குலம் தாய்வழியில் வருவதால் செரோக்கிக் கணக்கில் அவர் முழுச் செரோக்கி, 1828 முதல் 1866 வரை முதன்மைத் தலைவர். தாய்வழி அறுந்தால் குலம் அறுந்துவிடும். தகப்பன் பெயரை மட்டும் பிடித்துப் போகும் ஆய்வு இதைத் தவறவிடும். இத்தகைய கலப்புக் குடும்பங்களுக்கு எம்மெட் ஸ்டார் 1921இல் வெளியிட்ட வம்சாவளி இன்றும் முதல் கைநூல். ஆனால் அதுவும் துப்புதான்; ஒவ்வொரு படியையும் மேற்சொன்ன பட்டியல்களில் சரிபார்க்க வேண்டும்.

டிஎன்ஏ பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. 1740இல் பிறந்த ஒரே ஒரு செரோக்கி முன்னோர், இன்றைக்கு ஒன்பது தலைமுறை தள்ளி என்றால், சராசரிப் பங்கு 512இல் ஒன்று, அதாவது 0.2 சதவீதம். ஒரு துணுக்குக்கூட வந்து சேராமலும் போகலாம். வந்தாலும் எந்தக் குடி என்று இந்தச் சோதனை சொல்லாது. நேர்த் தாய்வழியில்தான் சந்தேகம் என்றால் மட்டும் முழு மைட்டோகாண்ட்ரியா சோதனைக்குப் பொருள் உண்டு: ஏ, பி, சி, டி வகைகளின் அமெரிக்கக் கிளைகள் அல்லது எக்ஸ்2ஏ வந்தால் அந்த வழி பழங்குடி வழி. விழுக்காடு காட்டும் வண்ண வரைபடத்துக்காக மட்டும் வாங்குவது வீண் செலவு. தூரத்து உறவினரைக் கண்டுபிடித்து அவர்களிடமுள்ள காகிதங்களைக் கேட்க ஆன்செஸ்ட்ரியின் பொருத்தப் பட்டியல் உதவும். அது தனிப் பயன்.

குடியுரிமைதான் நோக்கம் என்றால் விதிகள் வேறு வேறு. ஓக்லஹோமாவின் செரோக்கி தேசம் இரத்தப் பங்கு கேட்பதில்லை. டாஸ் பட்டியலில் உள்ள ஒருவரின் நேர் வாரிசு என்பதைப் பிறப்புச் சான்றிதழ்களால் படிப்படியாகக் காட்ட வேண்டும். வட கரோலினாவின் கிழக்குச் செரோக்கிக் குழுவுக்கு 1924 பேக்கர் பட்டியலில் முன்னோரும், பதினாறில் ஒரு பங்கு இரத்தமும் வேண்டும். ஓக்லஹோமாவின் இன்னொரு செரோக்கிக் குழுவான ஐக்கிய கீட்டுவா குழு கால் பங்கு இரத்தம் கேட்கிறது. கையன் மில்லர் விண்ணப்பம் ஏற்கப்பட்ட குடும்பமே ஆனாலும், அது மட்டும் இந்த மூன்றில் எதற்கும் போதாது.